தம்பி அனுப்பிய நிலநடுக்க வால்வு: எங்கே பூட்டுவது, அதற்கு முன் எதை மாற்றுவது?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது.

பழைய வீட்டுக் குசினியைத் திருத்துகிறார்கள். மேல்மாடியில் இரண்டு அறையும் சிறு குசினியும் கட்டி, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்க யோசனை. லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் தம்பி, நிலம் அதிர்ந்தால் தானாகவே காஸை மூடிவிடும் முக்கால் அங்குல வால்வு ஒன்றை அனுப்பியிருக்கிறார். "இங்கே எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, கட்டாயம் பூட்டுங்கள்" என்பது அவருடைய சொல். வேலைக்கு வந்த பிளம்பரோ, சமையல் மேடைக்குக் கீழே சிலிண்டர் நிற்கும் அலுமாரிக்குள், ரப்பர் ஹோஸை நடுவில் வெட்டி வால்வைச் சேர்த்துவிடலாம் என்கிறார். புரி கொஞ்சம் பொருந்தவில்லை, ரேப் கூடச் சுற்றினால் சரிவரும் என்றும், இனிக் காஸ் கசிந்தாலும் வால்வு மூடிவிடும் என்பதால் நான்கு வருடப் பழைய ஹோஸை மாற்றத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கு நிலநடுக்க ஆபத்து உண்டா, வால்வை எங்கே பூட்டுவது, கீழ்க் குசினிக்கும் மேல் குசினிக்கும் ஒன்று போதுமா, வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் தன் பொறுப்பு என்ன என்பவை சகோதரியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில், அந்த வால்வை ஹோஸின் நடுவில் பூட்ட விடாதீர்கள். பிளம்பரிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். தம்பி அனுப்பியது பயனுள்ள சாமான்தான். ஆனால் அது காக்கும் இடம் ஒன்று, உங்கள் குசினியில் ஆபத்து இருக்கும் இடம் இன்னொன்று.

அந்த வால்வு எதை அறியும்?

வால்வின் வயிற்றுக்குள் ஓர் உலோகக் குண்டு சிறு விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கும். வீடு பலமாகக் குலுங்கினால் குண்டு விளிம்பை விட்டு உருண்டு, கீழே காஸ் போகும் வாயில் விழுந்து அடைத்துக்கொள்ளும். மின்சாரமோ பற்றறியோ தேவையில்லை. வீடுகளுக்கான பெரும்பாலான வால்வுகளின் பொறிமுறை இதுதான்.

அதற்குத் தெரிந்தது குலுக்கம் மட்டுமே. மணம் தெரியாது, கசிவு தெரியாது, நெருப்பும் தெரியாது. ஹோஸில் வெடிப்பு விழுந்து இரவு முழுக்கக் காஸ் கசிந்தாலும் குண்டு அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே பழைய ஹோஸ் பற்றிப் பிளம்பர் சொன்னது பிழை.

ரிக்டர் அளவும் அதற்குத் தெரியாது. அது பூட்டியிருக்கும் சுவர் எவ்வளவு குலுங்குகிறது என்பதே கணக்கு. அமெரிக்க நியமப்படி செய்யப்பட்டவை, புவியீர்ப்பு முடுக்கத்தின் ஏறக்குறைய 0.3 மடங்கு கிடை அதிர்வில் சில விநாடிக்குள் மூட வேண்டும்; லொறி போவது, கதவு அறைவது போன்ற சிறு அதிர்வுகளுக்கு மூடக்கூடாது. நின்றுகொண்டிருப்பவரே தடுமாறி, அலுமாரிச் சாமான்கள் கீழே விழுகிற அளவுக் குலுக்கம் அது.

யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்று வருமா? இலங்கை புவித்தட்டு ஒன்றின் உட்பகுதியில் இருக்கிறது. பெரிய நடுக்கங்கள் பிறக்கும் சுமாத்திரா விளிம்பு நமக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது: 1615இல் கொழும்பில் சேதம் விளைவித்த நடுக்கம் பதிவாகியிருக்கிறது, 2020இல் கண்டி திகனப் பக்கம் சிறு அதிர்வுகள் வந்தன. ஆனால் 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் வந்த நடுக்கத்தை இலங்கையில் பலர் உணர்ந்தபோதும், அந்தத் தூரத்தில் வந்துசேர்ந்த அசைவு இப்படியான வால்வை மூடவைக்கும் அளவுக்குக் கிட்டவும் வராது. 2004 மார்கழியில் வடமராட்சிக் கரையை அழித்தது கடல். நிலக் குலுக்கம் அல்ல. அன்று இந்த வால்வு இருந்திருந்தாலும் அலை வரும்வரை திறந்தேதான் இருந்திருக்கும்.

லொஸ் ஏஞ்சலிஸின் கதை வேறு. 1994 ஜனவரி 17 அன்று நோர்த்ரிட்ஜ் நடுக்கத்தில் காஸ் குழாய்கள் முறிந்து தீப்பிடித்த பிறகு, 1995 முதல் அந்த நகரம் புதுக் கட்டடங்களுக்கும் பெரிய திருத்தவேலைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அங்கே வீட்டுக்குக் காஸ், அதாவது இயற்கை வாயு, வருவது தெருக் குழாயில். முறிந்தால் யாரோ மூடும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். உங்களிடம் இருப்பது 12.5 கிலோ சிலிண்டர். இங்கே வீடுகளுக்கு இந்த வால்வைக் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை.

உங்கள் குசினியில் எங்கே பயப்பட வேண்டும்?

2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் தீயும் அடுப்பு வெடிப்புமாக இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றில் ஒன்றுகூட நிலநடுக்கத்தால் வந்ததல்ல. காஸின் கலவை மாற்றத்தோடு, வீடுகளில் பேச்சுக்கு வந்தவை சிலிண்டர் வாய், ரெகுலேற்றர், ஹோஸ், கிளிப் இவை. நிலநடுக்க வால்வை எங்கே பூட்டினாலும், அதற்கு முன்னே சிலிண்டர் பக்கம் இருக்கும் எதையும் அது காக்காது. நீங்கள் சொன்ன அலுமாரியில் சிலிண்டரும் ரெகுலேற்றரும் பாதி ஹோஸும் வால்வுக்கு முன்னே நிற்கும். உண்மையிலேயே நிலம் நடுங்கினால் முதலில் சரிவது சிலிண்டர், முதலில் பிடுங்குப்படுவது ரெகுலேற்றர். அந்த நேரம் வால்வு சரியாக மூடியிருந்தாலும் காஸ் வெளியே வந்துகொண்டிருக்கும்.

அளவைப் பாருங்கள். பத்தடி நீளம், அகலம், உயரமான குசினியின் கொள்ளளவு ஏறக்குறைய 28 கன மீற்றர். காற்றில் 2 வீதம் அளவு காஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு கிலோ காஸ் ஆவியானால் அரைக் கன மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆக, நிறைந்த சிலிண்டரில் பத்திலொரு பங்கு கசிந்தாலே முழுக் குசினியும் பற்றும் நிலைக்கு வரலாம். நம்முடைய காஸ் காற்றைவிடப் பாரமானது, தண்ணீர் போலத் தாழ்வை நோக்கிப் போகும். எனவே நிலத்தோடும் மூடிய அலுமாரிக்குள்ளும் அந்த நிலை அதைவிட வெகு முன்னதாகவே வந்துவிடும்.

யாழ்ப்பாண வளவுகளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. குசினிப் பின்கதவுக்கு நேரே கிணறு. கசிந்த காஸ் படியிறங்கி, தாழ்வாரத்தால் ஓடிக் கிணற்றுக்குள் இறங்கினால் காற்றோட்டம் இல்லாத அடியில் தேங்கி நிற்கும். கிணற்றடியில் மோட்டரும் அதன் சுவிச்சும் இருக்கும். சுவிச்சைப் போடும்போது பறக்கும் சிறு பொறி போதும். கழிவுநீர்க் குழியும் வாய்க்காலும் அப்படித்தான்.

வால்வுக்கு முன் செய்ய வேண்டியவை

குசினியை எப்படியும் உடைக்கிறீர்கள், ஆகவே இதுதான் வாய்ப்பான நேரம். சிலிண்டரை வெளியே எடுங்கள். வெளிச்சுவரோடு, நிழலில், காற்றோட்டமான கம்பிக்கதவு அடைப்புக்குள் வையுங்கள். கதவு, யன்னல், காற்றுத்துளை ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் தள்ளியிருக்கட்டும். கிணறும் திறந்த வாய்க்காலும் இன்னும் தூரத்தில், மூன்று மீற்றருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. மழைவெள்ளம் உங்கள் வளவில் ஏறிய ஆகக் கூடிய மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்த்திச் சீமெந்துத் திட்டு கட்டுங்கள்.

சிலிண்டரின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டத்தில், துருப்பிடிக்காமல் நாகம் பூசிய சங்கிலியால் சுவரோடு கட்டிவிடுங்கள். கொளுக்கி சுவருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். சிலிண்டர் மாற்றக் கையால் கழற்றக்கூடிய கொக்கியும் வேண்டும். இந்தச் சங்கிலி நடுக்கத்துக்கு மட்டுமல்ல. 12.5 கிலோ சிலிண்டர் வெற்றாக இருந்தால் மட்டும்தான் மிதக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறைந்த சிலிண்டரின் மொத்த நிறை அது விலக்கும் தண்ணீரின் நிறையைவிடக் குறைவு. வெள்ளம் ஏறினால் நிறைந்ததும் மிதந்து, ரெகுலேற்றரோடு ஹோஸை இழுத்துக்கொண்டு போகும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் யாழ்ப்பாண வளவுகளுக்குள் நின்ற தண்ணீரை நினைத்துப் பாருங்கள். நிலநடுக்க வால்வைவிட இந்தச் சங்கிலிக்கு இங்கே வேலை அதிகம்.

சிலிண்டரிலிருந்து அடுப்பு மேடைவரை காஸுக்கென விற்கும் செப்புக் குழாய் போடுங்கள். வீட்டுக்கு 15 மில்லிமீற்றர் போதும். தண்ணீர்க் குழாயான பீ.வீ.சீ காஸுக்கு ஒருபோதும் ஆகாது. சுவரைத் துளைக்கும் இடத்தில் குழாய்க்கு வெளியே உறைக்குழாய் வைத்து, உறையின் உட்பக்க வாயை மட்டும் அடைக்க வேண்டும். உறைக்குள்ளே கசிந்தாலும் காஸ் வீட்டுக்கு வெளியேதான் போகும். மின்கம்பியோடு சேர்த்துச் சுவருக்குள் புதைக்க வேண்டாம். வெளியே, கைக்கு எட்டும் இடத்தில், கால் சுற்றில் மூடும் கைவால்வு ஒன்று. உள்ளே அடுப்புக்குக் கிட்ட இன்னொன்று. அதிலிருந்து அடுப்புக்கு மட்டும் எஸ்.எல்.எஸ் முத்திரையுள்ள புது ஹோஸ், ஒன்றரை மீற்றருக்கு மேற்படாமல், இரு முனையிலும் திருகு கிளிப்போடு. ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் ரெகுலேற்றரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையும் மாற்றுங்கள். உங்கள் நான்கு வருட ஹோஸ் இன்றைக்கே போக வேண்டியது. அதை அடுப்புப் பக்க முனையில் மடித்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புக் கோடுகள் முதலில் தெரிவது கிளிப்புக்கு அடுத்த ஓரங்குலத்தில்தான்.

காசு மிஞ்சினால் அடுத்து வாங்க வேண்டியது காஸ் கசிவு அலாரம். வாங்கும்போது எல்.பீ காஸுக்கானதா, அதாவது நம்முடைய சிலிண்டர் காஸுக்கானதா, என்று பாருங்கள். தெருக் குழாய்க் காஸுக்கானது கூரையோடு பூட்டப்படுவது. நமக்கானது நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் பூட்ட வேண்டும். தம்பி அன்போடு தெருக் குழாய்க் காஸுக்கான அலாரத்தையும் அனுப்பிவிடக்கூடும், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலாரத்தோடு மின்வால்வும் சேர்ந்து வருவதானால், கரண்ட் போனால் மூடி, கையால் மட்டும் திறக்கும் வகையைத் தெரிவுசெய்யுங்கள். கரண்ட் வெட்டு நேரம் சமையல் தடைப்படும். ஆனாலும் கரண்ட் வந்ததும் தானாகத் திறந்துகொள்ளும் வகை ஆபத்தானது.

இனி, தம்பியின் வால்வைப் பூட்டுவதென்றால்

சிலிண்டர் வெளியே போய், உறுதியான குழாய் வந்த பிறகு அந்த வால்வுக்கு ஓர் இடம் இருக்கிறது. ரெகுலேற்றருக்கும் வெளிக் கைவால்வுக்கும் பிறகு, குழாய் வீட்டுக்குள் நுழைவதற்கு முன், வெளிச்சுவரில்.

ரெகுலேற்றருக்கு முன்னே பூட்டவே கூடாது. சிலிண்டருக்குள் அழுத்தம் பல பார் அளவு. ரெகுலேற்றர் அதைச் சுமார் 30 மில்லிபாருக்குக் குறைத்துத் தருகிறது. வால்வின் உடலில் எந்தக் காஸுக்கு, எத்தனை பீ.எஸ்.ஐ அழுத்தம் வரை என்று பொறித்திருக்கும். அரை பீ.எஸ்.ஐ என்றால் ஏறக்குறைய 34 மில்லிபார். அடுப்பு எல்லாம் மூடியிருக்கும்போது ரெகுலேற்றருக்குப் பின் அழுத்தம் 30ஐ விடக் கொஞ்சம் ஏறும் என்பதால் அது நெருக்கமான கணக்கு, ஒரு பீ.எஸ்.ஐ அல்லது அதற்கு மேல் தாங்குவதாக இருப்பது நல்லது.

புரி விஷயத்தில்தான் பெரும்பாலும் பிழை வருகிறது. அமெரிக்கக் குழாய்ப் புரி என்.பீ.ரி, நம்முடைய கடைகளில் இருப்பது பீ.எஸ்.பீ. அரை, முக்கால் அங்குலங்களில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். அதனால் கையால் திருகும்போது இரண்டு மூன்று சுற்றுப் போய், பொருந்துவது போலவே தெரியும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55 பாகை, குறுக்களவும் வேறு. ரேப்பைத் தடிப்பாகச் சுற்றி இறுக்கினால் அன்றைக்குக் கசியாது. வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் விரிந்து சுருங்க, சில மாதத்தில் கசியும். ஒரு பக்கம் என்.பீ.ரி, மறுபக்கம் பீ.எஸ்.பீ உள்ள பித்தளை இணைப்பான் இரண்டு வாங்குங்கள்; இங்கே கிடைக்காவிட்டால் தம்பியையே அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை ரேப் வேண்டாம், காஸுக்கான தடித்த மஞ்சள் ரேப் வேண்டும். சணலும் பெயின்றும் வேண்டவே வேண்டாம்.

பூட்டுவதற்கு முன் வால்வைக் கையில் பிடித்துக் குலுக்குங்கள். குண்டு விழும் சத்தம் கேட்கும். அம்புக்குறித் திசையில் ஊதிப் பாருங்கள், காற்றுப் போகக்கூடாது. கையேட்டில் சொன்னபடி மீளத் திறந்துவிட்டு ஊதினால் தடையில்லாமல் போக வேண்டும். கப்பற் பொதியில் அடிபட்டு வந்ததா என்பது இதில் தெரிந்துவிடும்.

பிறகு, அம்புக்குறி காஸ் ஓடும் பக்கம் பார்த்திருக்கட்டும். கிடையாகப் பூட்டுவதா நிலைக்குத்தாகப் பூட்டுவதா என்பது வால்வுக்கு வால்வு வேறு. மாற்றிப் பூட்டினால் வேலை செய்யாது. ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். சாய்ந்திருந்தால் குண்டு விளிம்பின் ஓரத்திலேயே இருந்து, சும்மா தட்டினாலும் மூடிக்கொள்ளும். வால்வுக்கு இரு பக்கமும் ஒரு சாணுக்குள் குழாயைச் சுவரோடு இறுக்கிப் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் குழாய் தனியே ஆடும். வீடு ஆடாதபோதும் வால்வு ஆடும். ஹோஸின் நடுவில் பூட்டக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பலகையிலும், கதவு அறையும் நிலைக்குப் பக்கத்திலும், தண்ணீர் மோட்டர் பூட்டிய சுவரிலும் வேண்டாம். மீளத் திறக்கும் திருகுக்குக் கை போகும்படி இடம் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதோடு விடாமல் அழுத்தச் சோதனையும் செய்விக்கவேண்டும். ஒளி ஊடுருவும் ரியூப்பை யூ வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் விட்டு, அடுப்பு முனையில் இணைத்தால் 30 மில்லிபாருக்கு இரு பக்க நீர்மட்டமும் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் வித்தியாசப்படும். சிலிண்டரை மூடிவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கட்டும். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. காற்று அமுக்கியால் கூடிய அழுத்தத்தில் குழாயைச் சோதிப்பதானால் அது வால்வைப் பூட்டுவதற்கு முன். பிறகு செய்தால் வால்வு பழுதாகும்.

வால்வு மூடிக்கொண்டால்

அடுப்பு எரியவில்லை என்றதும் மீளத் திறக்க ஓடாதீர்கள். காஸ் மணம் இருந்தால் எந்தச் சுவிச்சையும் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். கதவு யன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வந்து, சிலிண்டரை மூடி, மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவை அழையுங்கள். அந்த இலக்கத்தை இப்போதே எழுதி வெளிச்சுவரில் ஒட்டிவிடலாம். மணம் இல்லாவிட்டால் அடுப்புத் திருகுகளை எல்லாம் மூடி, ஹோஸையும் மூட்டுகளையும் பார்த்து, அதன் பிறகே திறக்க வேண்டும். அடுப்புத் திருகு திறந்தபடி இருக்க வால்வைத் திறந்துவிடுவதுதான் இதில் நடக்கும் மோசமான பிழை. கரையோரத்தில் இருக்கும் உறவினருக்கும் ஒன்று சொல்லுங்கள்: சுனாமி எச்சரிக்கை வந்தால், பக்கத்தில் நின்றால் ரெகுலேற்றரை மூடலாம், சிலிண்டருக்காகத் திரும்பி வீட்டுக்குள் போகக்கூடாது.

மேல்மாடிப் பிள்ளைகள்

ஒரு வால்வு அதற்குப் பின்னே வரும் குழாயை மட்டும் காக்கும். மேலே தனிச் சிலிண்டர் வைத்தால் அதற்கும் இந்த வால்வுக்கும் சம்பந்தம் இல்லை. மேலே சிலிண்டர் ஏற்ற விடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. படிக்கட்டால் தூக்குவதும் ஆபத்து, மேலே கசிந்தால் காஸ் படியால் இறங்கி உங்கள் வீட்டுக்குள்தான் வரும். வெளி அடைப்பில் இரண்டாவது சிலிண்டரும் மேலே தனிக் குழாயும், அதற்கெனத் தனிக் கைவால்வும் வையுங்கள். மேல் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் அந்தக் கைவால்வு எட்ட வேண்டும், அடைப்புக்குப் பூட்டுப் போட்டால் ஒரு திறப்பு அவர்களிடமும் இருக்கட்டும்.

பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். நிலநடுக்க வால்வு இல்லை என்பதற்காக யாரும் உங்களைக் குறைசொல்லப் போவதில்லை. பழைய ஹோஸ், கட்டாத சிலிண்டர், காற்றோட்டமில்லாத அலுமாரி இவற்றைத் தெரிந்தும் விட்டிருந்தால் கவனயீனம் என்ற கேள்வி எழலாம். வாடகை உடன்படிக்கையில் ஹோஸ், ரெகுலேற்றர் மாற்றுவது யார், எப்போது என்று எழுதி, சோதனை செய்த திகதியையும் பற்றுச்சீட்டுகளையும் கோப்பில் வையுங்கள். உடன்படிக்கையின் வாசகத்தை உங்கள் சட்டத்தரணி ஒருமுறை பார்க்கட்டும்.

பிளம்பர் திரும்பி வருவதற்குள் வால்வின் உடலில் பொறித்திருப்பதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். எல்.பீ காஸ் அல்லது புரொப்பேன் என்று அதில் இல்லாமல் இயற்கை வாயு என்று மட்டும் இருந்தால், மேலே சொன்ன பூட்டும் வேலை எதுவும் வேண்டாம். தம்பியிடமே திருப்பி அனுப்பிவிட்டு, சங்கிலி, செப்புக் குழாய், புது ஹோஸ் மூன்றையும் இந்த வாரமே வாங்குங்கள்.